மகன் கேட்கும் பழைய பாணி மோட்டார் சைக்கிள் வழியில் நிற்காமல் ஓடுமா?



"உம்மா, பழைய காலத்து மாதிரி வட்ட லைட் வெச்ச பைக் ஒண்டு பாத்திருக்கன். நல்ல வடிவு. வாங்கித் தாங்க உம்மா!"

சம்மாந்துறையில் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது! அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருக்கும் உம்மாவின் பின்னால் வந்து நின்று மகன் கேட்பான். வாப்பா வட்டையிலிருந்து வந்து சேர்ந்திருக்க மாட்டார். அவர் வருவதற்குள் உம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். உம்மாவின் கை தன்னை அறியாமல் காப்பைத் தடவிப் பார்க்கும். ஏனென்றால், வீட்டுக்கு ஒரு வாகனம் வருகிறது என்றால் முதலில் அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் அவளுடைய நகைதான்.

நகை உங்களுடையது என்றால், கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையதே. "மோட்டார் சைக்கிளைப் பற்றி நமக்கென்ன தெரியும்? ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், கல்முனைக்குப் போய்ச் சாமான் எடுப்பதும், நடுச்சாமத்தில் காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் அந்த ஒரு வாகனத்தில்தான். அது வழியில் நின்றுவிட்டால் வெயிலில் நிற்பவர் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் நீங்கள்தான் அல்லவா?

இந்தப் பேச்சு இப்போது கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய மோட்டார் சைக்கிள்கள் வரவில்லை. பாவித்த சைக்கிள்களின் விலை எங்கோ போய் நின்றது. 2025 பெப்ரவரியிலிருந்து இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் உலகமெங்கும் 'பழைய பாணி' என்ற ஒரு மோகம் வளர்ந்துவிட்டது. வட்ட விளக்கு, கண்ணீர்த் துளி போன்ற பெற்றோல் தாங்கி, கம்பிச் சக்கரம், மின்னும் குரோம் பூச்சு... பார்த்தால் நம் மூத்தவாப்பா காலத்து வண்டி போலவே இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

நம்பிக்கை என்றால் என்ன?

ஒரு மோட்டார் சைக்கிளை 'நம்பலாம்' என்று சொல்வதில் நான்கு விடயங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, எத்தனை தடவை பழுதாகிறது? இரண்டாவது, பழுதாகும்போது உங்களை நடு வழியில் விட்டுவிடுகிறதா, அல்லது முனகிக்கொண்டாவது வீடு கொண்டுவந்து சேர்க்கிறதா? மூன்றாவது, அதைத் திருத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? நான்காவது, உதிரிப்பாகம் இன்றைக்கே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வரும்வரை இரண்டு கிழமை காத்திருக்க வேண்டுமா?

கம்பனி விளம்பரங்களில் முதலாவதைப் பற்றிச் சொல்வார்கள். மற்ற மூன்றையும் நாம்தான் விசாரித்து அறிய வேண்டும். வருடத்தில் ஒரு தடவை மட்டும் பழுதாகி, அந்த ஒரு பழுதுக்காக ஒரு மாதம் நிற்கும் வண்டியைவிட, மூன்று தடவை பழுதாகி மூன்று தடவையும் அதே மாலையில் திருந்தி வரும் வண்டி வீட்டுக்கு உதவி.

அழகுக்கு ஒரு கணக்கு, உழைப்புக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவில் 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' என்று நுகர்வோருக்கான ஒரு சஞ்சிகை உண்டு. விளம்பரம் வாங்காமல், பொருட்களைச் சோதித்தும் உரிமையாளர்களிடம் கேட்டும் எழுதுவது அதன் வழக்கம். 2015இல் அது மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரிடம் ஒரு பெரிய விசாரணை நடத்தியது. நான்கு ஆண்டுப் பாவனைக்குள் எத்தனை வண்டிகள் பழுதாகின்றன என்று கணக்கிட்டது. யமஹாவில் நூற்றுக்கு 11, சுசுக்கியிலும் ஹொண்டாவிலும் 12, கவாசாகியில் 15. மறுபக்கம் ஹார்லி டேவிட்சனில் 26, டிரையம்ப்பில் 29, பி.எம்.டபிள்யூவில் 40.

ஆனால் "இதே வண்டியை மறுபடியும் வாங்குவீர்களா?" என்று கேட்டபோது கதை மாறியது. அடிக்கடி பழுதாகும் ஹார்லியை மீண்டும் வாங்குவோம் என்றவர்கள், அதிகம் பழுதாகாத யமஹாவை மீண்டும் வாங்குவோம் என்றவர்களைவிடக் கூடுதல்!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மனதுக்குப் பிடித்த வண்டியின் குறையை அதன் சொந்தக்காரர் பெரிதாகச் சொல்ல மாட்டார். "எப்படித் தம்பி, நல்லா ஓடுதா?" என்று கேட்டால், "சூப்பர் ராத்தா!" என்றுதான் பதில் வரும். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "போன வருடம் எத்தனை தடவை கராஜுக்குப் போனீர்கள்? கடைசியாக என்ன மாற்றினீர்கள்? அதற்கு எத்தனை நாள் நின்றது?" இந்த மூன்றுக்கும் வரும் பதில்தான் உண்மையான பதில்.

புல்லட்டின் மூன்று பிறப்புகள்

பழைய பாணி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது றோயல் என்பீல்ட். 'புல்லட்' என்ற பெயர் 1932இல் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்தது. 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா என்ற கம்பனி தொடங்கப்பட்டு, அங்கே அதைக் கட்டத் தொடங்கினார்கள். இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் சென்னையில் அது நிற்காமல் தொடர்ந்தது. 1994இல் ஐஷர் கம்பனி அதை வாங்கியது.

"புல்லட் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் காலத்துப் புல்லட் என்று கேட்க வேண்டும். ஏனெனில் உள்ளே இருக்கும் என்ஜின் மூன்று தடவை மாறியிருக்கிறது.

முதலாவது, பழைய வார்ப்பிரும்பு என்ஜின். இதற்குப் பொறுமை வேண்டும். ஒயில் கசியும்; பற்றவைக்கும் 'பொயின்ட்'டை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும்; அதிர்வினால் நட்டுகள் தளரும். இன்னொன்று, இவற்றில் கியர் வலது காலிலும் பின் பிரேக் இடது காலிலும் இருக்கும். இன்றைய வண்டியில் பழகிய பிள்ளை அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இது ஆசைக்கு வைத்திருக்கும் வண்டி. வீட்டின் ஒரே வாகனமாக இருப்பதற்கு ஏற்றதன்று.

இரண்டாவது, 2009இல் வெளிவந்த கிளாசிக் 350இல் உள்ள 346 சி.சி. என்ஜின். என்ஜினும் கியர்ப்பெட்டியும் ஒன்றாக வார்க்கப்பட்டதால் ஒயில் கசிவு வெகுவாகக் குறைந்தது. மின்னணுப் பற்றவைப்பு வந்தது. ஆனாலும் வேகம் கூடும்போது அதிர்வு கை கால்களை உலுக்கும். பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் 'ஸ்பிராக் கிளச்' தேய்ந்து போவது இதன் பேர்போன நோய். பாவித்த வண்டி வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டனை அமுக்கியதும் 'கர்ர்...' என்று உலோகம் உரசும் சத்தம் கேட்டால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, 2020இன் இறுதியில் மீட்டியர் 350இலும் 2021இல் புதிய கிளாசிக் 350இலும் வந்த 349 சி.சி. என்ஜின். அதிர்வைச் சமன் செய்ய உள்ளே ஒரு தனித் தண்டு வைத்திருக்கிறார்கள். முன்னையவற்றோடு ஒப்பிட்டால் இது வேறு சாதி வண்டி. மூன்றிலும் அன்றாடப் பாவனைக்கு நம்பத் தகுந்தது இதுவே. 2022இல் வந்த ஹண்டர் 350இலும் இதே என்ஜின்தான்.

இதிலும் குறை இல்லாமலில்லை. 2021 மே மாதத்தில், பற்றவைப்புச் சுருளில் கோளாறு இருக்கலாம் என்று சொல்லி, இந்தியா உட்படச் சில நாடுகளில் விற்ற ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் வண்டிகளைக் கம்பனியே திரும்ப அழைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், பின் பிரேக்கின் ஒரு பாகத்துக்காகப் புதிய கிளாசிக் 350இல் 26,300 வண்டிகளை அழைத்தது. இப்படித் திரும்ப அழைப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். கம்பனி தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டு இலவசமாகத் திருத்துவது நல்ல பழக்கமே. ஆனால் பாவித்த வண்டி ஒன்றை வாங்கும்போது, "இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா?" என்று கேட்காமல் இருக்கக் கூடாது. பொதுவாக எந்தப் புதிய மாதிரியிலும் முதல் வருடத்தில் வந்தவற்றைத் தவிர்த்து, இரண்டாம் மூன்றாம் வருடத்தில் வந்தவற்றை வாங்குவது புத்தி.

ஹொண்டாவும் ஜாவாவும்

கிளாசிக்கிற்குப் போட்டியாக 2020இல் ஹொண்டா இந்தியாவில் 'ஹைனெஸ் சிபி350' என்ற வண்டியை இறக்கியது. 348 சி.சி. என்ஜின், எடை 181 கிலோ. கிளாசிக் 350 195 கிலோ. வார்ப்புச் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் இதில் உண்டு. ஓட்டம் மென்மை, கிளச் இலகு. இதற்கும் 2023இல் பின் பிரேக் விளக்குச் சுவிட்சு முதலிய சில பாகங்களுக்காகத் திரும்ப அழைப்பு வந்தது. ஆகக் குறையே இல்லாத கம்பனி என்று ஒன்று கிடையாது! ஹொண்டா என்ற பெயரைப் பார்த்து, "நம்ம ஹொண்டா 90 போல எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும்" என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு வண்டி. இதற்கான பாகங்களும் வேறு.

ஜாவா என்ற பெயரை மூத்தவர்கள் அறிந்திருப்பார்கள். செக் நாட்டில் பிறந்து, பின்னர் இந்தியாவின் மைசூரில் கட்டப்பட்ட வண்டி. பல ஆண்டுகள் மறைந்திருந்து 2018இல் மறுபடியும் வந்தது. பழைய தோற்றத்துக்குள் தண்ணீரால் குளிரும் 293 சி.சி. புது என்ஜின். வேகமும் சுறுசுறுப்பும் உண்டு. ஆனால் தண்ணீர்த் தொட்டி, குழாய், விசிறி, பம்பு என்று பழுதாகக்கூடிய பாகங்கள் கூடுதல். எங்கோ ஒரு குழாய் வெடித்தால் வண்டி அங்கேயே நிற்கும். பக்கத்தில் முகவர் இல்லாத ஊரில் இதை வாங்குவதற்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

நம் தெருவிலேயே இருக்கும் பழசு

பழைய பாணி வேண்டும் என்றால் பழையதையே வாங்கினால் என்ன? நம் ஒழுங்கைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஜப்பான் வண்டிகளை மகனுக்குக் காட்டுங்கள்.

ஹொண்டாவின் 'சூப்பர் கப்' 1958இல் வந்தது. 2017இல் இதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் இத்தனை விற்ற வேறு மோட்டார் வாகனம் இல்லை. கிளச் பிடி கிடையாது. கியரைக் காலால் தட்டினால் போதும். சங்கிலி முழுவதும் உறைக்குள் மூடியிருக்கும். நடுவே தாங்கி இல்லாததால் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். சேலையோ அபாயாவோ உடுத்திய பெண்ணும் ஓட்டக்கூடிய அமைப்பு. இதே வழியில் ஜப்பானில் தபால் பங்கிடுவதற்கென்றே செய்யப்பட்டது எம்டி90. மழையிலும் பனியிலும் வீடு வீடாக நின்று நின்று போவதற்காகக் கட்டிய வண்டிக்கு நம் ஊர் மணல் ஒழுங்கை ஒரு பொருட்டா?

1976இல் வந்த சிஜி125இன் கதை இன்னும் சுவையானது. ஹொண்டாவின் பொறியியலாளர்கள் வளரும் நாடுகளுக்குப் போய், மக்கள் மோட்டார் சைக்கிளை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒயில் மாற்றுவதில்லை, காற்று வடிகட்டியைத் துடைப்பதில்லை, இரண்டு பேர் போகும் வண்டியில் ஒரு குடும்பமே போகிறது! "இவர்களைத் திருத்த முடியாது, வண்டியைத்தான் திருத்த வேண்டும்" என்ற முடிவோடு, அதிகம் பராமரிப்புக் கேட்காத, தள்ளு தண்டு அமைப்புடைய எளிய என்ஜினைச் செய்தார்கள். பாகிஸ்தானில் அந்த வண்டி இன்னமும் புதிதாகக் கட்டி விற்கப்படுகிறது.

இவற்றின் பலம் எளிமை. ஒரு சாவியும் திருகாணிச் சுழற்றியும் இருந்தால் ஒழுங்கை முனையில் உள்ள கராஜில் பாதி வருத்தத்தைத் தீர்த்துவிடுவார்கள். பலவீனம் வயது. முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் வயரிங் உக்கியிருக்கும், பிரேக் தளர்ந்திருக்கும், சட்டம் துருப்பிடித்திருக்கும். வெளியே புதுப் பெயின்ட் பூசியிருப்பது நோயாளிக்குப் புதுச் சட்டை போட்டதுபோலத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இறக்குமதி இல்லாத அந்த ஐந்து வருடங்களில், பழைய 125 சி.சி. வண்டிகளை வெட்டி ஒட்டி 'கஃபே ரேசர்' என்று அழகுபடுத்தி விற்கும் தொழில் பெருகியது. சட்டத்தை வெட்டி வெல்டிங் செய்த வண்டி பாரம் ஏற்றினால் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கையைச் சுருக்கியிருப்பதால் பின்னால் ஆள் இருக்கவும் முடியாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விபரத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாவிட்டால் பொலிஸிலும் காப்புறுதியிலும் சிக்கல். இதை மட்டும் வாங்கவே வேண்டாம்.

உப்புக் காற்றும் வட்டைச் சேறும்

வண்டியை இந்தியாவில் சோதித்து எழுதும் ஆட்களுக்கு நம் ஊர்க் காற்று தெரியாது. காரைதீவு, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று கடற்கரை நெடுக உப்புக் காற்று. பழைய பாணி வண்டியின் அழகே குரோம் பூச்சும் கம்பிச் சக்கரமும்தான். உப்பு முதலில் தின்பதும் அவற்றைத்தான். புகைக்குழாய், சக்கர வளையம், கம்பி முனைகள் எல்லாம் கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும். பெயின்ட் பூசிய வார்ப்புச் சக்கரம் இதைவிடத் தாங்கும்.

கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும். ஆணி குத்தினால் சட்டென்று காற்று இறங்கிவிடும். டியூப் இல்லாத டயரில் மெல்ல மெல்லத்தான் இறங்கும். கடை வரைக்கும் போய்ச் சேரலாம். இரவு நேரத்தில் அம்பாறை வீதியில் வயல் நடுவே நின்றவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

அறுவடைக் காலத்தில் வட்டைத் தூசி காற்று வடிகட்டியை அடைக்கும். மாரியில் சேறு சங்கிலியைத் தின்னும். மாதம் ஒரு தடவை சங்கிலியைத் துடைத்து ஒயில் போடுவதும், வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வடிகட்டியை மாற்றுவதும் வழக்கமானால் எந்த வண்டியும் இரண்டு மடங்கு உழைக்கும்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் இழுத்துச் சென்ற மதரசாப் பிள்ளைகளை நாம் மறக்க முடியாது. உழவு இயந்திரத்தையே புரட்டிய நீர் அது. எத்தனை கிலோ எடையுள்ள வண்டியானாலும், எத்தனை நம்பகமான என்ஜினானாலும், வீதியைக் குறுக்கே கடந்து பாயும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை மகனிடம் சாவி கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

பின்னால் இருக்கப்போவது நீங்கள்

அபாயாவோ சேலையோ பின் சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. இந்தியாவில் விற்கும் மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சேலைக் காப்புக் கம்பி பொருத்துவது சட்டம். ஆனால் 'வடிவு கெட்டுப்போகும்' என்று பையன்கள் முதலில் கழற்றி வீசுவது அதைத்தான். அதோடு சங்கிலி மூடியும் போய்விடும்.

ஆகவே கடைக்கு நீங்களும் போங்கள். அபாயாவோடு பின்னால் ஏறி இருந்து பாருங்கள். சேலைக் காப்பு இருக்கிறதா? சங்கிலி மூடியிருக்கிறதா? கால் வைக்க இடம் உண்டா? புகைக்குழாய் காலில் படுமா? பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? பிறகு மகனை இறங்கச் சொல்லி, வண்டியைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். 195 கிலோ என்பது இரண்டு பெரிய நெல் மூட்டைக்கு மேல். நின்றுபோனால் மணல் ஒழுங்கையில் அதைத் தள்ளிக்கொண்டு வர அவனால் முடியுமா?

உங்களுக்கோ மகளுக்கோ இந்த வண்டியை ஓட்டும் எண்ணம் இருந்தால் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சி.சி. வரைக்கும்தான். அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ வகுப்பு வேண்டும்.

பெற்றோல் கணக்கு

350 சி.சி. வண்டி லீற்றருக்கு ஏறத்தாழ 32 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். 100 சி.சி. வண்டி 60 ஓடும். நாளுக்கு 20 கிலோமீற்றர் என்றால் மாதம் 600. பெரிய வண்டிக்கு 19 லீற்றர். சிறிய வண்டிக்கு 10 லீற்றர். மாதம் 9 லீற்றர் பெற்றோலின் விலையை வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால், 'வடிவுக்கு' நாம் கொடுக்கும் வாடகை தெரிந்துவிடும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றோம். கியூஆர் அட்டை வந்தபோது தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த நாலு லீற்றரில் 100 சி.சி. வண்டி 240 கிலோமீற்றர் போகும். 350 சி.சி. வண்டி 128 கிலோமீற்றரோடு நின்றிருக்கும்.

கராஜ் காக்காவிடம் எப்படிக் கேட்பது?

ஊர்க் கராஜில் வேலை செய்பவருக்குத் தெரியாத இரகசியம் இல்லை. ஆனால் கேட்பதில் ஒரு முறை உண்டு. "எந்த வண்டி உங்களிடம் அதிகம் வருகுது காக்கா?" என்று மட்டும் கேட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். ஊரில் ஒரு மாதிரியில் 200 வண்டி இருந்து மாதம் 20 கராஜுக்கு வருகிறது; இன்னொரு மாதிரியில் 10 வண்டி இருந்து 3 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் முதலாவது கூட. ஆனால் நூற்றுக்கு இத்தனை என்று பார்த்தால் முதலாவது 10, இரண்டாவது 30! ஆகவே, "ஊரில் இந்த வண்டி எத்தனை இருக்கு? அதில் எத்தனை வருகுது? என்ன வருத்தத்தோடு வருகுது? சாமான் எங்கே எடுக்கிறீங்க?" என்று கேளுங்கள். "இந்த வண்டி வந்தா நான் தொடமாட்டன், கொழும்புக்குத்தான் அனுப்பணும்" என்று அவர் சொன்னால், விடை கிடைத்துவிட்டது.

பாவித்த வண்டி பார்க்கும்போது

• காலையில் போங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

• ஸ்டார்ட் செய்ததும் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் என்ஜின் ஒயிலைத் தின்கிறது. கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது.

• ஒயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

• முன் ஃபோர்க்கில் ஒயில் கசிவு, சக்கரத்தில் ஆட்டம், தளர்ந்த கம்பி, சங்கிலித் தொய்வு ஆகியவற்றைக் கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

• என்ஜின் இலக்கமும் சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். 'முற்றுரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்க்கப்படும்வரை அந்த வண்டி விற்பவருக்கே முழுச் சொந்தமில்லை.

• கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியை எடுத்துவிட்டு, "பிறகு மாற்றலாம்" என்று விடாதீர்கள். அன்றே உரிமை மாற்றத்துக்குக் கொடுங்கள்.

குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. விற்பவரிடம் அதை நினைவூட்டிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளை நீங்கள் விற்கும்போதும் அதே நேர்மை வேண்டும். தவணைக்கு எடுப்பதாக இருந்தால், வட்டி கலந்த லீசிங்குக்குக் கையெழுத்துப் போடுமுன் இஜாறா முறை பற்றி விசாரியுங்கள். எந்த முறையானாலும் மொத்தமாக எவ்வளவு கட்டப் போகிறோம் என்ற ஒரே ஒரு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முடிவாக...

வீட்டில் ஒரே வாகனம் என்றால், ஊரில் நிறைய ஓடும், எல்லாக் கடையிலும் பாகம் கிடைக்கும் 100, 125 சி.சி. வண்டியே முதல் தெரிவு. வேறு வாகனம் இருந்து, மகன் தன் உழைப்பில் வாங்குகிறான் என்றால், 2021க்குப் பிந்திய கிளாசிக் அல்லது சிபி350 பரவாயில்லை. அதுவும், முகவரும் பாகமும் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே. வார்ப்பிரும்புப் புல்லட்டும் வெட்டி ஒட்டிய வண்டியும் வேண்டாம்.

மகனின் ஆசையை ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். மறுத்தால் கூட்டாளியின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுவான். ஒரு தாளைக் கையில் கொடுங்கள். "மகன், நீ சொல்ற பைக்கும் நான் சொல்ற பைக்கும் ரெண்டையும் எழுது. மாதம் பெற்றோல் எவ்வளவு, சாமான் எங்க கிடைக்கும், யாரு திருத்துவாங்க, உம்மா பின்னால இருக்கலாமா, எல்லாத்தையும் விசாரிச்சு எழுதிக் கொண்டு வா. வாப்பாவோட இருந்து பார்ப்பம்" என்று சொல்லுங்கள்.

அந்தத் தாளை நிரப்ப அவன் நாலு கராஜுக்கும் பத்துச் சொந்தக்காரர்களிடமும் போய் வர வேண்டும். போய்வந்த பிறகும் அதே வண்டிதான் வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால், அவன் யோசித்துக் கேட்கிறான் என்று அர்த்தம். அதற்குப் பிறகு காப்பைக் கழற்றுவதா இல்லையா என்பதை நீங்கள் நிம்மதியாக முடிவு செய்யலாம்.